செனட்டர் ஸ்மித்தும் கர்னல் ஸ்டூவர்ட்டும்: இரண்டு ஆண்டு தாமதமான ஒரு ஜெனரல் பதவி

1957-இல் அமெரிக்க விமானப்படை தன் ரிசர்வ் அதிகாரிகள் சிலரை ஜெனரலாக்க ஒரு பட்டியல் தயாரித்தது. அதிபர் ஐசன்ஹோவரின் பரிந்துரையோடு அது செனட்டுக்குப் போனது. அதிலிருந்த ஒரு பெயர் அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்தது: கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஹாலிவுட்டின் ஜிம்மி ஸ்டூவர்ட். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது குண்டுவீசப் பறந்தவர், ஆஸ்கர் வாங்கியவர். இவர் தோளில் ஜெனரலுக்கான ஒரு நட்சத்திரத்தைக் குத்த யார் மறுக்கப் போகிறார்கள்?

மறுத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் செனட்டின் ராணுவக் குழு அவர் பெயரை நிராகரித்தது. முன்னின்று எதிர்த்தவர் மேய்ன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித். 1939-இல் ஸ்டூவர்ட்டை உச்சத்துக்குக் கொண்டுபோன படத்தில் அவர் நடித்தது ஓர் இளம் செனட்டராக. அந்தப் பாத்திரத்தின் பெயரும் ஸ்மித். பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்!

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். போர்வீரர் ஒருவரை ஓர் அரசியல்வாதி வீம்புக்குத் தடுத்தார், கடைசியில் நியாயம் வென்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டூவர்ட் அந்தப் பதவிக்குத் தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 1957-இல் ஸ்மித் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அது ஏன் என்று புரிய ரிசர்வ் என்ற ஏற்பாட்டையும், ஸ்டூவர்ட் போரில் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ரிசர்வ் என்றால்

ரிசர்வ் அதிகாரி பிழைப்புக்கு வேறு வேலை செய்பவர். வக்கீலாக இருக்கலாம், வணிக விமானியாக இருக்கலாம், நடிகராகவும் இருக்கலாம். வருடத்தில் சில நாட்கள் சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போவார். 1948-இல் வந்த சட்டம் ரிசர்வ் ஓய்வூதியத்துக்குப் புள்ளிக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தது: வருடத்துக்குக் குறைந்தது 50 புள்ளிகள் சேர்ந்தால்தான் அந்த வருடம் கணக்கில் வரும். இது கௌரவப் பட்டம் கொடுத்து மாலை போடும் ஏற்பாடு கிடையாது.

புள்ளிகளைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. போர் வந்து ரிசர்வ் ஆட்களை அழைத்தால் இன்ன அதிகாரி இன்ன நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். உயர் அதிகாரிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்டூவர்ட் விவகாரம் முழுக்க அந்த நாற்காலியைப் பற்றியதுதான்.

சிப்பாயிலிருந்து கர்னல் வரை, நான்கு ஆண்டுகள்

ஸ்டூவர்ட் 1908 மே 20 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா அலெக்ஸாண்டர் அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போவது பழக்கமான விஷயம். தாத்தா உள்நாட்டுப் போர்க்காரர், அப்பா முதல் உலகப் போருக்குப் போய் வந்தவர். மகன் பிரின்ஸ்டனில் கட்டடக் கலை படித்து 1932-இல் பட்டம் வாங்கினார், அப்புறம் நடிக்கப் போய்விட்டார்.

விமானம் ஓட்டும் உரிமம் 1935-இல் கிடைத்தது, வணிக விமானி உரிமம் 1938-இல். கலிஃபோர்னியாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குச் சொந்த விமானத்தில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பறந்து போவாராம். அரிசோனாவில் தண்டர்பேர்ட் என்ற விமானப் பயிற்சித் தளம் தொடங்கப்பட்டபோது அதில் பணம் போட்டவர்களில் இவரும் ஒருவர். நடிகரின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. போர் வந்தபோது இந்த உரிமமும் பறந்த மணிக்கணக்கும்தான் அவருக்குக் கதவைத் திறந்தன.

1940 கடைசியில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. ஆறடி மூன்று அங்குல உயரம், ஆனால் எடை ஐந்து பவுண்டு குறைவு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு நடிகராக இருந்தால் அதோடு நிம்மதியாகப் படப்பிடிப்புக்குத் திரும்பியிருப்பார். இவர் ஸ்டூடியோவின் உடற்பயிற்சியாளரிடம் போய் எடை ஏற்றிக்கொண்டு வந்து, 1941 மார்ச் 22 அன்று சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். ஆஸ்கர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. சிப்பாயின் மாதச் சம்பளம் 21 டாலர். அதில் பத்து சதவீதத்தைத் தன் ஏஜெண்டுக்குத் தவறாமல் அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு.

வயது 32. விமானப் பயிற்சி மாணவர்களுக்கான வரம்பைத் தாண்டியாகிவிட்டது. அதனால் பட்டப்படிப்பையும் வணிக உரிமத்தையும் காட்டி நேரடியாக அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பித்தார். 1942 ஜனவரியில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல். புகழ்பெற்ற ஆளைப் போர்முனைக்கு அனுப்பிச் சாகக் கொடுக்க எந்த மேலதிகாரிக்கும் மனம் வராது. ஆள் சேர்க்கும் குறும்படத்தில் பேச வைத்தார்கள், வானொலியில் பேச வைத்தார்கள். நியூ மெக்ஸிகோவில் குண்டுவீச்சுப் பயிற்சி மாணவர்களை ஏற்றிப் பறந்தார், ஐடஹோ மாநிலத்தில் பாய்சி நகரத்துத் தளத்தில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சுமார் ஒன்றரை ஆண்டு இப்படியே போனது. போருக்கு அனுப்புங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டிருந்ததால்தான் 1943-இல் 445-ஆவது குண்டுவீச்சுக் குழுவில் இடம் கிடைத்தது. அதன் உட்பிரிவான 703-ஆவது ஸ்குவாட்ரனுக்குத் தலைவரானார், கேப்டனாக.

அந்த நவம்பரில் குழு இங்கிலாந்துக்குக் கிளம்பியது. ஃபுளோரிடா, பிரேசில், அட்லாண்டிக்கைத் தாண்டி டாக்கர், மராக்கேஷ் என்று சுற்றிக்கொண்டு நார்ஃபோக் மாவட்டத்தின் டிபென்ஹாம் போய்ச் சேர்ந்தார்கள். கிளம்பும்போது அப்பா ஒரு கடிதமும் பைபிளின் 91-ஆம் சங்கீதமும் கொடுத்தனுப்பினார். பகலில் பறக்கும் அம்புக்குப் பயப்படாதே என்று வருமே, அந்தச் சங்கீதம்.

முதல் தாக்குதல் 1943 டிசம்பர் 13, ஜெர்மனியின் கீல் துறைமுகம்.

இங்கே அவர்கள் ஓட்டிய பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் நடக்கும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு இன்ஜின், பத்துப் பேர். இன்றைய பயணிகள் விமானம் மாதிரி உள்ளே காற்றழுத்தம் கிடையாது. சுமார் இருபதாயிரம் அடி உயரத்தில் ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டு, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். விமானங்கள் நெருக்கமாக அணிவகுத்துப் போகும், ஒன்றின் துப்பாக்கி இன்னொன்றைக் காக்கும். தலைமை விமானம் குண்டு போட்டால் பின்னால் வருபவை எல்லாம் போடும். அதனால் தலைமை விமானம் தவறினால் அணி மொத்தமும் தவறும். தாக்குதலை வழிநடத்தும் அதிகாரி பெரும்பாலும் அந்தத் தலைமை விமானத்தில், துணை விமானியின் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். ஸ்டூவர்ட்டின் போர் அந்த இருக்கையில்தான் நடந்தது. ஓட்டுவதைவிட முடிவெடுப்பதுதான் அங்கே வேலை.

1944 ஜனவரி 7 அன்று லுட்விக்ஸ்ஹாஃபன் தாக்குதலிலிருந்து திரும்பும்போது அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. முன்னால் போன 389-ஆவது குழு பாதை மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டூவர்ட் வானொலியில் சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. தன் விமானங்களைச் சரியான பாதையில் பிரித்துக் கொண்டுபோயிருக்கலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிரிந்தால் அந்தக் குழு தனியாக மாட்டிக்கொள்ளும். தவறான பாதை என்று தெரிந்தே பின்னால் போனார். ஃபிரான்ஸ் மேலே ஜெர்மன் போர் விமானங்கள் பாய்ந்தன. 389-இன் தலைமை விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஸ்டூவர்ட்டின் விமானங்கள் எல்லாம் திரும்பி வந்தன. அதே மாதம் மேஜர் ஆனார். அவருடைய போர்க்கால நாட்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கிடைத்த பதக்கங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பிப்ரவரியில் ஜெர்மனியின் விமானத் தொழிற்சாலைகள் மீது ஒரு வாரம் தொடர் தாக்குதல். 20-ஆம் தேதி பிரவுன்ஷ்வைக் தாக்குதலுக்காக அவருக்குச் சிறப்புப் பறத்தல் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. 24-ஆம் தேதி கோத்தாவுக்குப் போன 445-ஆவது குழுவின் 25 விமானங்களில் 13 திரும்பவில்லை. அன்று ஸ்டூவர்ட் போகவில்லை. பதின்மூன்று விமானம் என்றால் நூற்று முப்பது பேர். காலையில் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். மறுநாளே ஃபூர்த் தாக்குதல், இவர் கிளம்பினார். விமான எதிர்ப்புக் குண்டு விமானி அறைக்குப் பக்கத்தில் தரையைப் பிளந்து ஓட்டை போட்டது. அந்த ஓட்டையோடு தளம் வரை வந்து இறங்கினார்கள். இறங்கியதும் விமானத்தின் உடல் விரிசல்விட்டுப் போனது.

மார்ச் இறுதியில் ஓல்டு பக்கன்ஹாமில் இருந்த 453-ஆவது குழுவுக்குச் செயல்பாட்டு அதிகாரியாக மாற்றினார்கள். பெரும் இழப்பால் மனம் உடைந்திருந்த குழு அது. (பிற்பாடு நடிகரான வால்டர் மாத்தாவ் அந்தக் குழுவில் ஒரு சார்ஜெண்ட்.) பின்னர் இப்படிப்பட்ட பல குழுக்களை நடத்தும் இரண்டாவது போர்க் குண்டுவீச்சு விங்கின் தலைமை அலுவலர். 1945 மார்ச் 29 அன்று கர்னல். சிப்பாயாகச் சேர்ந்து நான்கு ஆண்டு, ஒரு வாரம். கணக்கில் உள்ள போர்ப் பறத்தல்கள் 20. எண்ணிக்கை குறைவாகத் தோன்றும். ஆனால் அவர் வகித்த பதவியில் இருந்தவர்கள் எல்லாத் தாக்குதலுக்கும் போவதில்லை, போகும்போது வழிநடத்தத்தான் போவார்கள்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. 1945 மார்ச் 4 அன்று சில அமெரிக்க பி-24 விமானங்கள் மேகமூட்டத்தில் இடம் தவறி நடுநிலை நாடான ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகர்மீது குண்டு போட்டுவிட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். தலைமை விமானத்தின் விமானியும் வழிகாட்டி அதிகாரியும் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் ஸ்டூவர்ட். இருவரும் விடுதலை செய்யப்பட்டார்கள். படங்களில் நடித்துக்கொண்டிருந்த ஆளிடம் நான்கு ஆண்டில் இப்படிப்பட்ட வழக்கை ஒப்படைத்தார்கள் என்றால், அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை சினிமாப் புகழால் வந்ததாக இருக்க முடியாது.

அமைதிக் காலத்துக் கர்னல்

1945 செப்டம்பரில் குவீன் எலிசபெத் கப்பலில் நியூயார்க் திரும்பினார். ஆஸ்கர் சிலை அப்பாவின் கடையில் சுத்தியலுக்கும் ஆணிக்கும் நடுவே ஊராருக்குக் காட்சிக்கு இருந்தது. படங்களில் நடிக்கத் தொடங்கியபோது தன் போர்ச் சேவையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார். ரிசர்வில் கர்னலாகத் தொடர்ந்தார். பி-36, பி-47 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களிலும் பறந்தார்.

1955-இல் அமெரிக்காவின் அணுகுண்டுப் படையான ஸ்ட்ராடஜிக் ஏர் கமாண்டைப் பற்றி ஒரு படம் நடித்தார். படத்தின் பெயரே அதுதான். பேஸ்பால் வீரராக இருக்கும் ரிசர்வ் அதிகாரி ஒருவர் மறுபடி சேவைக்கு அழைக்கப்படும் கதை. விமானப்படைக்கு இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

இரண்டு ஆண்டு கழித்துப் பட்டியல் வந்தபோது ஸ்டூவர்ட்டுக்கு எழுதி வைத்திருந்த நாற்காலி என்ன தெரியுமா? அதே ஸ்ட்ராடஜிக் ஏர் கமாண்டின் செயல்பாட்டுத் துறைத் துணை இயக்குநர்.

ஸ்மித் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய செனட்டில் இருந்த ஒரே பெண் அவர். 1948-இல் பெண்களுக்கு ராணுவத்தில் நிரந்தர இடம் கிடைக்க உழைத்தவர். கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியை 1950-இல் அதே கட்சிக்குள்ளிருந்தே எதிர்த்துப் பேசியவர். விமானப்படை ரிசர்வில் அவரே லெப்டினன்ட் கர்னல். ஆக, புள்ளிக் கணக்கும் பயிற்சி நாட்களும் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்த பிறகு ஸ்டூவர்ட் சீருடையில் செய்த பயிற்சி நாட்கள் மிகக் குறைவு என்றார். வருடா வருடம் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போன ரிசர்வ்காரர்கள் பதவி உயர்வு இல்லாமல் காத்திருக்கும்போது இவருக்கு மட்டும் எப்படி என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாற்காலிக்கு இவர் தயாரா என்று கேட்டார்.

ஸ்மித்தின் உதவியாளர் ஒருவரும் ரிசர்வ் அதிகாரி. அவருக்கு உயர்வு கிடைக்காத கோபம்தான் இது என்று அன்றே பேச்சு அடிபட்டது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்காகக் கேள்வி தவறாகிவிடாது.

1944-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டூவர்ட் செயல்பாட்டு அதிகாரியாக இருந்தபோது மறுநாள் தாக்குதலுக்கான உத்தரவு முந்தைய நாளிரவு டெலிபிரிண்டரில் வரும். இரவு முழுக்கத் திட்டம் போடுவார்கள். விடிவதற்கு முன் விமானிகளைக் கூட்டி வரைபடத்தில் விளக்குவார்கள். ஒரு தளத்திலிருந்து முப்பது, நாற்பது விமானங்கள் கிளம்பும். இலக்கு சில மணி நேரத்தில். சரி, இனி 1957. பி-47 ஜெட், அணுகுண்டு, கண்டம் விட்டுக் கண்டம் போகும் பறத்தல், நடுவானில் எரிபொருள் நிரப்புதல். ஸ்டூவர்ட்டின் பெயர் நிராகரிக்கப்பட்ட அதே ஆண்டு அக்டோபரில்தான் அந்தப் படை தன் விமானங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பதினைந்து நிமிட எச்சரிக்கையில் கிளம்பத் தயாராக நிறுத்தும் ஏற்பாட்டைத் தொடங்கியது. போர் வந்தால் ஹாலிவுட்டிலிருந்து ஒருவரை அழைத்துவந்து செயல்பாட்டு அறையில் உட்கார வைக்கும் நேரமெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் கிடையாது. அந்த அறைக்குத் தினமும் அதே வேலையில் ஊறிய ஆள் வேண்டும். போரில் எவ்வளவு திறமை காட்டியிருந்தாலும், வருடத்தில் சில நாட்கள் வந்து போகிறவர் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அந்த விமானங்களில் ஏறிப் பறந்ததும் இதற்குப் பதிலாகாது. விமானத்தை ஓட்டத் தெரிவதும் நூற்றுக்கணக்கான விமானங்களின் போர்த் திட்டத்தை நடத்துவதும் வேறு வேறு தொழில்.

என் பார்வையில் இதில் தவறு விமானப்படையுடையது. அவர்களுக்கு ஸ்டூவர்ட்டின் முகமும் பெயரும் வேண்டியிருந்தது. அது நியாயமான தேவைதான். அணுகுண்டுப் படைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி மக்களைச் சம்மதிக்க வைக்க வேண்டிய காலம் அது. ஆனால் அதை நேராகச் சொல்லாமல் போர்க்கள நாற்காலி ஒன்றை அவர் பெயரில் எழுதி வைத்தார்கள். அங்கேதான் பொருந்தாமல் போனது. ஸ்டூவர்ட்டுக்குத்தான் சங்கடம். 1944-இல் செய்த வேலைக்கு நட்சத்திரம் கொடுத்தால் கேள்வியே எழுந்திருக்காது. 1957-இல் செய்யப்போகும் வேலைக்குக் கொடுத்ததால் அவருடைய பயிற்சி நாட்களை எண்ண வேண்டி வந்தது.

கடைசியில் தீர்வு எளிமையாகவே வந்தது. நாற்காலியை மாற்றினார்கள். போர் வந்தால் அவர் விமானப்படையின் செய்தியை மக்களிடம் கொண்டுசேர்க்கும் தகவல் துறையில் துணை இயக்குநராக இருப்பார் என்று எழுதினார்கள். ஸ்மித் எதிர்ப்பை விட்டார். 1959 ஜூலை 23 அன்று ஸ்டூவர்ட் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். தன் போர் அனுபவத்தை விளம்பரத்துக்குத் தொடக் கூடாது என்று ஒப்பந்தம் போட்ட மனிதருக்கு, ஜெனரலாக எழுதப்பட்ட வேலை விளம்பரம். இந்த முரணை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, வெளியே சண்டை போடவில்லை.

நட்சத்திரத்துக்குப் பிறகு

1966 பிப்ரவரி 20 அன்று, 57 வயதில், குவாம் தீவின் ஆண்டர்சன் தளத்திலிருந்து வியட்நாமுக்குப் போன பி-52 ஒன்றில் பார்வையாளராக ஏறினார். போய் வர ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம். கட்டளை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான். அந்தப் பறத்தலையும் விளம்பரப்படுத்த வேண்டாம் என்றார்.

1968 மே 31 அன்று, அறுபது வயதானதால் விதிப்படி ஓய்வு. மொத்தம் 27 ஆண்டுச் சேவை. மறு ஆண்டு ஜூன் 8 அன்று மனைவி குளோரியாவின் முதல் திருமணத்து மகன் ரொனால்ட் வியட்நாமில் இறந்தார். மரீன் படையில் லெப்டினன்ட், 24 வயது. ஐந்து வயதிலிருந்து ஸ்டூவர்ட் வளர்த்த பிள்ளை.

1973-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நீண்ட ஆவணத் தொடரை வெளியிட்டது. ஜெர்மனி மீதான வான்வழித் தாக்குதல் பற்றிய பகுதியில் நரைத்த தலையோடு ஒருவர் மெதுவாக, சொற்களைத் தேடித் தேடிப் பேசுகிறார். உலகம் முழுக்கத் தெரிந்த குரல். திரையில் அவர் பெயருக்குக் கீழே நடிகர் என்று இல்லை, ஜெனரல் என்றும் இல்லை. ஸ்குவாட்ரன் கமாண்டர் என்று மட்டும் இருக்கிறது.